நான்காவது பொத்தான்

மைத்துனன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தான்,
சோப்பு டப்பா அளவில் ஒரு சிலேட்டு.
“இனிமே டைரி எதுக்கு மாமா,
ஆபீஸே பாக்கெட்டுல.”
ஆபீஸ் என்பது அதுவரை
செம்மண்டலம் முனையில் டீக்கடை பெஞ்சு,
ஒரு டி.வி.எஸ். ஐம்பது.

முதல் பொத்தானில் தேதி.
இரண்டாவதில் ஆட்கள்.
மூன்றாவதில் செய்ய வேண்டியவை:
வில்லங்கம் போட,
சர்வேயரைப் பார்க்க,
சர்வேயரை மறுபடி பார்க்க.

அதன் கையெழுத்தை நான்தான் கற்க வேண்டியிருந்தது.
ஏ என்றால் விட்டம் இல்லாத கூரை;
குறுக்கே கோடு போட்டால் அதற்குப் புரியாது.
தமிழ் அறவே தெரியாது.
வண்டிப்பாளையத்துக்கு ஒரு நாள் ஒரு பி,
மறுநாள் இரண்டு,
தேடினால் பாதி ஊரைக் காணோம்.
ஏழுமலை எல்லில் தொலைந்து
இசட்டில் கிடைத்தார்.

குச்சி இரண்டாம் மாதமே கெடிலத்தில் விழுந்தது.
மை தீர்ந்த ரீஃபிலால் எழுதினேன்.
ஆனாலும் பாருங்கள்,
அதை எடுத்து மடியில் வைத்த பிறகு
ஒருவரும் கமிஷனில் பேரம் பேசவில்லை.

நான்காவது பொத்தான் குறிப்புகளுக்கு.
அதற்குப் பூட்டு உண்டு.
எந்தப் பத்திரத்தில் செத்தவர் கைநாட்டு,
எந்த முப்பதடி ரோடு
நடந்து பார்த்தால் பதினெட்டு,
எந்த அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் விற்கிறான்,
எல்லாம் அதற்குள்.

சித்திரையில் ஜெசிந்தா சிஸ்டர் வந்தார்,
பெரியாஸ்பத்திரி நைட் ட்யூட்டி முடிந்த கண்களோடு.
குண்டு உப்பலவாடிப் பக்கம், பதினேழாம் மனை.
தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
நான்கு மூலைக்கும் நடந்தார்.
“தண்ணி நிக்குமாங்க?”

நான் திறந்தேன். நான்காவது பொத்தான்.
17. ஐப்பசி. முழங்கால்.
ரீஃபிலால் மேலும் கீழும் உருட்டினேன்,
கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.
“ரெக்கார்டுல அப்படி ஒண்ணும் இல்லையே சிஸ்டர்.”
மனுஷன் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.
நாற்பதாயிரம் அட்வான்ஸ்,
ரப்பர் பேண்ட் போட்டு.

ஐப்பசி போய், கார்த்திகையில்
ஐந்து நாள் விடாமல் மழை.
கடைத்தெரு மூடிக் கிடந்தது.
பென்சில் பேட்டரி இரண்டு, ஊரிலேயே இல்லை.
மாற்றும்போதுகூட ஒரு நிமிஷம்தான் கெடு அதற்கு,
பிறகு எல்லாம் மறந்துவிடும்.
ஆறாம் நாள் போட்டேன்.
பிறந்த குழந்தை மாதிரி விழித்தது,
திரை நடுவில் ஒரு புள்ளி காட்டி
இங்கே தொடு என்றது.
தொட்டேன்.
ஆட்கள்: ஒருவரும் இல்லை.
பூட்டு இருந்த இடத்தில் பூட்டும் இல்லை.

இருநூற்றுப் பத்து பார்ட்டி.
ஒரு போன் நம்பர் வாயில் வரவில்லை,
என் மாமனார் வீட்டு நம்பர்கூட.
ஆனால் அந்த ஒரு வரி
ஈரச்சுவரில் உப்புப் பூக்கிற மாதிரி
எத்தனை தடவை சுரண்டினாலும்.

வியாழக்கிழமை,
மஞ்சக்குப்பம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தா.
சிஸ்டர் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்து நின்றார்.
“இவ்ளோ மழை பேஞ்சிருக்கே.
அதுல ஒருக்கா பாத்துச் சொல்லுங்க.”

எடுத்தேன். நான்காவது பொத்தான்.
வெற்றுத் திரை, சாம்பல் பச்சை.
அதில் என் மூக்கு தெரிந்தது.
வாசித்தேன்:
“பதினேழு. ஐப்பசி. முழங்கால்.”

எட்டிப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
உள்ளே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்,
எங்களுடையது அல்ல.

“கடலூர்ல எங்கங்க நிக்கல.”
பர்ஸிலிருந்து ஊசி மருந்துச் சீட்டு எடுத்து
பின்பக்கம் கணக்குப் போட்டார்.
“லோடு மண்ணு என்ன விலை?
அதை உங்க கமிஷன்ல கழிச்சுக்கறேன்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல.
ரீஃபிலைத் துழாவி எடுத்து
மூன்றாவது பொத்தானை அமுக்கி
காலி இயந்திரத்தில் முதல் வரி எழுதினேன்:
செம்மண், பதினொரு லோடு,
மழை விட்டதும்.